டைனமோவா, பேட்டரியா?



சிறுகீரைப் பாத்தியில பூச்சி விழுந்த கதையைப் பாதியில விட்டிருந்தேன். அதை அடுத்த பதிவுல முடிக்கிறேன். அதுக்குள்ள வீட்டுல வேற ஒரு பஞ்சாயத்து வந்துடுச்சு.

ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் நான் மேனாம்பேட்டுலேர்ந்து திருத்தணிக்கு சைக்கிள்ல போறது ரொம்ப நாளா படிக்கிறவங்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர்னு போய், விடியறதுக்கு முன்னாடி சரவணப் பொய்கையில குளிச்சிட்டு மலையேறணும். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். பகல்ல போகலாமேன்னு கேப்பீங்க. ஆடி வெயிலும் அந்த ரோட்டு பஸ்ஸும் லாரியும் தெரிஞ்சவன் அப்படிக் கேக்க மாட்டான்.

இந்த வருஷம் என் தங்கச்சி பையனும் வரேன்னு சொல்லிட்டான். இங்க எஸ்டேட்லயே ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை. முப்பதாயிரத்துக்கு மேல கொடுத்து கியர் சைக்கிள் வாங்கி வெச்சிருக்கான். முன்னாடி பின்னாடி பை மாட்டறதுக்கெல்லாம் இடம் இருக்கு. இந்த வருஷம் திருத்தணி, அடுத்த வருஷம் கன்னியாகுமரின்னு கணக்கு. ஒரே ஒரு சந்தேகம்தான் அவனுக்கு.

"மாமா, லைட்டு என்ன போடறது? டைனமோவா, பேட்டரியா? என் கூட ஓட்டறவங்கள்ல பாதிப் பேர் அது இதுன்றாங்க, பாதிப் பேர் இது அதுன்றாங்க. நீங்க ரெண்டையும் ஓட்டியிருக்கீங்க இல்ல?"

ரெண்டையும் ஓட்டியிருக்கேன். அதுக்கும் முன்னாடி சிம்னி விளக்கு கட்டின சைக்கிளையும் பார்த்திருக்கேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன். ராத்திரியில சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு உபயோகப்படும். கார் ஓட்டறவங்களுக்கும் கடைசியில ஒரு வேண்டுகோள் இருக்கு.

எங்க ஊரைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். இப்ப மேனாம்பேடுன்னா அடுக்குமாடியும் கம்பெனி காம்பவுண்டு சுவரும்தான் தெரியும். நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க வீட்டு வாசல்ல நின்னா நெல்லும் கீரைப் பாத்தியும் தெரியும். கொஞ்சம் தள்ளி எஸ்டேட். சைக்கிளுக்குப் பேர் போன ஊரு அம்பத்தூர். 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கதான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் நம்ம ஊரு வண்டிங்க. விளக்குக்கும் டைனமோவுக்கும் டி.ஐ. மில்லர்னு தனிக் கம்பெனியே வெச்சிருந்தாங்க. அதனால எங்க பக்கத்துல டைனமோன்னு சொல்ல மாட்டாங்க, "மில்லர் போட்டிருக்கான்"னுதான் பெருமையா சொல்லுவாங்க.

ராத்திரி ஷிப்ட் விடற நேரத்துல ரோட்டோரம் நின்னா அது ஒரு தனிக் காட்சி. சங்கு ஊதினதும் நூத்துக்கணக்குல சைக்கிள் வெளிய வரும். மஞ்சள் மஞ்சளா விளக்கு, வரிசையா, ஒவ்வொண்ணும் மிதிக்கிற வேகத்துக்கு ஏத்தாப்புல கூடிக் குறைஞ்சு வரும். டயர் மேல டைனமோ உரசற 'ர்ர்ர்' சத்தம் எல்லாம் ஒண்ணு சேர்ந்து, தேனீக் கூட்டம் போற மாதிரி கேக்கும்.

எங்க நைனாகிட்ட ரொம்ப நாள் மில்லர் கிடையாது. ஹேண்டில்பார்ல கெரசின் சிம்னி ஒண்ணு தொங்கும். காத்தடிச்சா அணைஞ்சிடும். பின்னாடி ஒண்ணும் கிடையாது. அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரைன்னு சாயங்காலம் பறிச்சு, கட்டுக் கட்டி, தண்ணி தெளிச்சு, ஈரச் சாக்குல சுத்தி கேரியர்ல ஏத்தி, ராத்திரி ரெண்டரைக்கெல்லாம் கிளம்பிடுவாரு. பாடி, வில்லிவாக்கம் வழியா கொத்தவால் சாவடி. அப்ப கோயம்பேடு மார்க்கெட் வரல, அது 1996லதான். கொத்தவால் சாவடிக்கு நாலு மணிக்குள்ள போனாத்தான் கீரைக்கு விலை. அஞ்சு மணிக்குப் போனா அது மாட்டுக்குத்தான்.

அந்தக் காலத்துல விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்துவாங்க. டபுள்ஸ் போனாலும் நிறுத்துவாங்க. அபராதம் கட்டக் காசில்லைன்னா வால்டியூப்பைப் பிடுங்கிட்டு, தள்ளிக்கிட்டுப் போன்னு விட்டுடுவாங்க. ஒரு நாள் சிம்னி அணைஞ்சது தெரியாம போய் நைனா மாட்டிக்கிட்டாரு. அத்தனை கீரையையும் வெச்சுக்கிட்டு காத்தில்லாத சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காரு. கீரை வாடிடுச்சு. அந்த வாரமே கடன் வாங்கி ஒரு மில்லர் செட்டு மாட்டினாரு. முன் விளக்கு, பின் விளக்கு, டைனமோ மூணும் சேர்த்து. அன்னைக்கு எங்க வீட்டுல பொங்கல் மாதிரி இருந்துச்சு. நானும் தங்கச்சியும் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால சுத்திச் சுத்தி விளக்கு எரிய வெச்சுப் பார்த்தோம். சக்கரத்தை நிறுத்தினா விளக்கு அணையும், சுத்தினா எரியும். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

1986 மே மாசம். நான் பத்தாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். நைனா வழக்கம் போல கீரை ஏத்திக்கிட்டுப் போனாரு. பாடி தாண்டற இடத்துல செயின் கழண்டுடுச்சு. ஓரமா நிறுத்திட்டு, குனிஞ்சு செயினை மாட்டிக்கிட்டு இருந்திருக்காரு. வண்டி நின்னுடுச்சா, விளக்கும் நின்னுடுச்சு. பின்னாடி மட்கார்டுல ஒரு சின்ன சிவப்புக் கண்ணாடி இருக்கும், அது மேல வெளிச்சம் பட்டா மின்னும். ஆனா ஈரச் சாக்கு தொங்கி அதை மூடியிருந்துச்சு. பின்னாடி வந்த வேன்காரனுக்கு ஒண்ணுமே தெரியல. அவனைக் குத்தம் சொல்ல முடியாதுன்னு நைனாவே சொல்லுவாரு. "இருட்டுல இருட்டா நின்னேன், அவன் என்னா பண்ணுவான்"னு.

உயிர் பொழைச்சாரு. வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டும் சரியா கூடல. அப்புறம் ஆந்திராவுல இருக்கிற புத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். எலும்பு முறிவுன்னா நம்ம பக்கத்து ஜனங்க புத்தூர் கட்டுக்குத்தான் ஓடுவாங்க. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுவாங்க. திருத்தணி தாண்டி, நகரி தாண்டிப் போகணும். போற வழியில திருத்தணி மலை தெரிஞ்சதும் எங்கம்மா பஸ்ஸுக்குள்ளயே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டிக்கிச்சு. இவரு எழுந்து நடந்தா வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு எங்க வீட்டுலேர்ந்து ஒரு ஆள் பூ எடுத்துக்கிட்டு வரும்னு. நைனா எழுந்து நடந்தாரு, ஒரு கால் கொஞ்சம் குட்டையா. சைக்கிள் மட்டும் அதுக்கப்புறம் மிதிக்கல.

ரிசல்ட் வந்துச்சு, நான் பாஸ். ப்ளஸ் ஒன் சேரல. அதே சைக்கிளைக் கோட்டம் எடுத்து, புது ஃபோர்க் போட்டு, நான் கீரை ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். விவசாயத்துக்கு நான் ஏன் வந்தேன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இதான் காரணம். பின்னாடி ஒரு வெளிச்சம் இருந்திருந்தா நான் வேற எங்கயாவது இருந்திருப்பேன். வருத்தமெல்லாம் இல்ல, நடந்ததைச் சொல்றேன்.

இனி விளக்குக்கு வருவோம்.

டைனமோவையும் பேட்டரியையும் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். டைனமோங்கறது ஏத்தம். மிதிக்கிற வரைக்கும் தண்ணி வரும், மிதிக்கிறதை நிறுத்தினா தண்ணி நிக்கும். ஆனா கிணறு வத்தாது. பேட்டரிங்கறது மேல கட்டின தொட்டி. திறந்தா கொட்டும், நின்னுக்கிட்டே பிடிக்கலாம். ஆனா நேத்து ரொப்பினது எவ்வளவோ அவ்வளவுதான். எந்த விவசாயியும் ஏத்தம் நல்லதா, தொட்டி நல்லதான்னு கேக்க மாட்டான். எந்தப் பாத்திக்கு, எத்தனை நேரத்துக்குன்னுதான் கேப்பான்.

டைனமோவை எடுத்துக்குங்க. புட்டி மாதிரி இருக்கும். தலையில ஒரு சின்ன உருளை. அதை டயர் பக்கத்துல சாய்ச்சு விட்டா டயரோட சேர்ந்து சுத்தும். உள்ள காந்தம் சுத்தும், சுத்தி இருக்கிற செப்புக் கம்பிச் சுருள்ல கரன்ட் வரும். ஆறு வோல்ட், மூணு வாட். பழைய செட்டுல முன் விளக்குக்கு 2.4 வாட், பின் விளக்குக்கு 0.6 வாட்னு பிரிச்சிருப்பாங்க. ஒரே ஒரு ஒயர்தான் விளக்குக்குப் போகும். திரும்பி வர்ற வழி சைக்கிள் ஃபிரேமே. அதுக்காகத்தான் டைனமோ கிளாம்புல கூர்மையா ஒரு ஸ்க்ரூ இருக்கும். பெயின்ட்டைக் குத்திக்கிட்டு இரும்பைத் தொடணும். விளக்கு மினுக் மினுக்குன்னு விட்டு விட்டு எரிஞ்சா டைனமோ போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. முதல்ல அந்த ஸ்க்ரூவைக் கழட்டி, துருவைச் சுரண்டிட்டு முடுக்குங்க. பத்துக்கு எட்டு தடவை அதுதான்.

இன்னொரு விஷயம். பழைய செட்டுல பின் பல்பு ஃப்யூஸ் போனா உடனே கவனிக்கணும். அதுக்குப் போக வேண்டிய கரன்ட்டும் சேர்ந்து முன் பல்புக்குப் போகும். ஒரு இறக்கத்துல வேகமா இறங்கினா முன் பல்பும் பளிச்சுன்னு ஒரு தடவை எரிஞ்சுட்டு அணைஞ்சிடும். எனக்கு ரெண்டு தடவை ஆயிருக்கு, ரெண்டும் இறக்கத்துல. விளக்கு எப்ப வேணுமோ சரியா அப்ப போகும்.

இழுவை இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். மூணு வாட் வெளிச்சம் வாங்க ஏழெட்டு வாட் உழைப்பு கொடுக்கணும். சாவகாசமா மிதிக்கிற ஆளு எழுபது எண்பது வாட் போடுவான்னு வெச்சுக்கிட்டா பத்துல ஒரு பங்கு விளக்குக்குப் போகுது. நாப்பது கட்டு கீரை ஏத்தறவனுக்கு அது நாலு கட்டு கூட ஏத்தின மாதிரி. ஆனா மழை பெஞ்சு, டயர்ல சேறு ஒட்டிக்கிட்டா உருளை வழுக்கும். அப்ப விளக்கும் வராது, இழுவை மட்டும் வரும். டயரோட பக்கமும் தேயும். நம்ம பழைய கனத்த டயருங்க அதைத் தாங்கும். சிலதுல உருளை பிடிக்கறதுக்குன்னே பக்கத்துல வரி வரியா போட்டிருப்பான். தம்பியோட கியர் சைக்கிள் டயரு மெல்லிசு. அது மேல புட்டி டைனமோவைச் சாய்ச்சா ரெண்டு மாசத்துல டயரு சாய்ஞ்சிடும்.

பேட்டரிக்கு நான் மாறினது என் பொண்ணால. ஆறேழு வருஷம் முன்னாடி முதல் சம்பளத்துல முன் விளக்கு, பின் விளக்கு ரெண்டும் தனித்தனியா வாங்கிக் கொடுத்துச்சு. ஃபோன் சார்ஜர்லயே சார்ஜ் ஏறும். முன் விளக்கை முதல் நாள் போட்டுப் பார்த்து அசந்துட்டேன். நம்ம டைனமோ வெளிச்சம் தரையைத் தடவிக்கிட்டுப் போகும். இது ரோட்டை அலசி விட்ட மாதிரி காட்டுது. நின்னாலும் எரியுது. இழுவை கிடையாது. இத்தனை வருஷம் வீணா மிதிச்சோமேன்னு டைனமோவைக் கழட்டிப் பரண்ல போட்டேன்.

அந்த வருஷம் திருத்தணிக்கு அதை நம்பிக் கிளம்பினேன். திருவள்ளூர் தாண்டினதும் கும்மிருட்டு. ஃபுல் வெளிச்சத்துல வெச்சுக்கிட்டு ஜாலியா போறேன். கனகம்மாசத்திரத்துக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் இருக்கும் போது பட்டுனு அணைஞ்சிடுச்சு. மங்கல, மினுக்கல, ஒண்ணும் சொல்லல. எரிஞ்சுது, அணைஞ்சுது. கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகிப் போச்சா, கை எது ஹேண்டில் எதுன்னு தெரியல. ரோட்டோரம் எங்க முடியுதுன்னு தெரியல. பிரேக்கைப் பிடிச்சு இறங்கி அப்படியே நின்னுட்டேன்.

நின்னதும் முதுகுல ஒரு சில்லிப்பு. நைனா நின்ன மாதிரியே நிக்கிறேனேன்னு. அப்பத்தான் திரும்பிப் பார்க்கிறேன், பின்னாடி அந்த சின்ன சிவப்பு விளக்கு மட்டும் தனியா மினுக்கிக்கிட்டு இருக்கு. அதுக்கு வேற பேட்டரி. முன்னாடி செத்தது அதுக்குத் தெரியாது. தூரத்துல வந்த லாரி ஒண்ணு, அம்பதடி முன்னாடியே ஒதுங்கி, ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. அவன் என்னைப் பார்த்துட்டான். அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்கல.

கொஞ்ச நேரத்துல புஷ்பக் காவடி ஏத்திக்கிட்டு ஒரு குட்டி யானை வந்துச்சு. குட்டி யானைன்னா டாடா ஏஸ் வண்டி. டிரைவரு நிறுத்தி, "இன்னா பெரியவரே, லைட்டு போச்சா? நீ முன்னாடி மிதி, நான் பின்னால வெளிச்சம் போட்டுக்கினு வரேன்"ன்னாரு. சைக்கிளைத் தூக்கி வண்டியில போட்டுக்கோன்னு சொல்லியிருக்கலாம். வேண்டுதல்னு புரிஞ்சுக்கிட்டு அப்படிச் சொல்லல பாருங்க. என் வேகத்துக்கு உருட்டிக்கிட்டே டீக்கடை வரைக்கும் வந்தாரு. அங்க ஒரு மணி நேரம் உக்காந்து சார்ஜ் போட்டுட்டுக் கிளம்பினேன். அவரு பேர் கூடக் கேக்கல.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கணக்கு சுலபம், பேட்டரி வாங்கறவங்க எல்லாரும் போடலாம். இந்த விளக்குல இருக்கிறது 18650னு சொல்ற உருளை பேட்டரி. பதினெட்டு மில்லிமீட்டர் குறுக்களவு, அறுபத்தஞ்சு மில்லிமீட்டர் நீளம், அதான் அந்தப் பேரு. 3.6 வோல்ட், அது மேல 2600 எம்.ஏ.எச்.னு போட்டிருந்தா 2.6 ஆம்பியர் மணி. ரெண்டையும் பெருக்கினா 9.4 வாட் மணி. ஃபுல் வெளிச்சத்துக்கு மூணு வாட் குடிச்சா மூணு மணி நேரம். ஒரு வாட்ல குறைச்சு வெச்சா ஒன்பது மணி நேரம். எனக்கு திருத்தணிக்கு மிதிக்கிற நேரம் மட்டுமே அஞ்சு மணி நேரத்துக்கு மேல. பத்து மணிக்குக் கிளம்பி ஃபுல்லா எரிய விட்டா ஒரு மணி சுமாருக்கு அணையத்தான் செய்யும். பேட்டரி என்னை ஏமாத்தல. தொட்டியில எத்தனை குடம்னு பார்க்காம திறந்து விட்டது நான்.

அப்ப மறுபடியும் டைனமோவான்னு தம்பி கேட்டான். இன்னொரு சாதி டைனமோ இருக்கு. முன் சக்கரத்து ஹப்புக்குள்ளயே வெச்சது. டயரை உரசாது, மழையில வழுக்காது, சத்தம் கிடையாது, இழுவையும் குறைவு. ஜெர்மனிக்காரங்க இதுல கெட்டி. அங்க சாதாரண சைக்கிளுக்கு டைனமோ விளக்குதான் இருக்கணும்னு ரொம்ப காலம் சட்டமே இருந்துச்சு. 2013லதான் பேட்டரி விளக்கும் போட்டுக்கலாம்னு விட்டாங்க. நாடு நாடா சுத்தறவங்க அந்த ஹப் டைனமோவுல பகல்ல ஃபோனுக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டு, ராத்திரி விளக்கு எரிய விட்டுக்கிட்டுப் போறாங்களாம். இப்ப எல்.இ.டி. வந்துட்டதால அதே மூணு வாட்ல பழைய பல்பைவிடப் பல மடங்கு வெளிச்சம். நல்ல செட்டுல நின்னாலும் சில நிமிஷம் எரியற மாதிரி உள்ள கொஞ்சம் கரன்ட்டைச் சேர்த்து வெச்சுக்கும்.

எல்லாம் சரி. ஆனா நம்ம ஊரு சைக்கிள் கடையில போய் ஹப் டைனமோன்னு கேட்டா கடைக்காரர் நம்மளை மேலயும் கீழயும் பார்ப்பாரு. வரவழைக்கணும், ஆயிரக்கணக்குல செலவு. அதுக்கப்புறம் சக்கரத்தையே பிரிச்சு, போக்ஸ் கம்பி புதுசா கட்டி, கோட்டம் எடுக்கணும். கன்னியாகுமரிக்குப் பத்து நாள் போறவனுக்கு, நடுவுல கரன்ட்டு கிடைக்குமோ கிடைக்காதோன்னு இருக்கிறவனுக்கு அது நல்ல முதலீடு. ஒரு ராத்திரி திருத்தணிக்கு அது வேண்டியதில்லை.

நான் அவனுக்குச் சொன்ன முடிவு இது. உன் வண்டிக்கு இந்த வருஷம் பேட்டரியே போதும். முன்னாடி விளக்குக்கு, பேட்டரியைக் கழட்டி மாத்தற மாதிரி ஒண்ணு வாங்கு, ரொப்பின பேட்டரி இன்னொண்ணு சட்டைப் பையில வை. ஊருக்குள்ள தெரு விளக்கு இருக்கிற வரைக்கும் குறைச்சு வை, திருவள்ளூர் தாண்டினா கூட்டு. ஃபோனுக்கு வேற பவர் பேங்கு, இதுலேர்ந்து கை வைக்காதே. கன்னியாகுமரிக்கு ஹப் டைனமோவை அப்புறம் யோசி.

என் வண்டிக்கு? பரண்லேர்ந்து டைனமோவை இறக்கிட்டேன். அந்தக் கனகம்மாசத்திரத்து ராத்திரிக்கு அப்புறம் முன்னாடி டைனமோதான், எல்.இ.டி. விளக்கோட. மிதிக்கிற வரைக்கும் அது என்னை விடாது. எனக்கு இப்ப குத்தகை நிலம் பட்டாபிராம் தாண்டி நடுக்குத்தகை பக்கம். மேனாம்பேட்டு நிலத்துல பாதி நைனா வைத்தியத்துக்கும், மீதி தங்கச்சி கல்யாணத்துக்கும் போச்சு. வாரத்துல நாலு நாள் இருட்டுல பதிமூணு பதினாலு கிலோமீட்டர் போறேன். தினம் சார்ஜ் போட ஞாபகம் இருக்கிற வயசு எனக்கு இல்ல. டைனமோவுக்கு ஞாபகம் வேண்டியதில்லை.

ஆனா பின்னாடி மட்டும் யாரு என்ன சொன்னாலும் பேட்டரிதான். அதுல பேரம் கிடையாது. முன் விளக்கு நாம பார்க்கறதுக்கு. அது போனா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம். பின் விளக்கு அடுத்தவன் நம்மளைப் பார்க்கறதுக்கு, அது போனது நமக்குத் தெரியவே தெரியாது. முன்னாடி செத்தாலும் பின்னாடி சாகாம இருக்கணும், அதனால ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. வண்டி நின்னாலும் எரியணும். சைக்கிள்காரன் அடிபடறது ஓடும் போது மட்டும் இல்ல, செயின் மாட்டக் குனியும் போதும், தண்ணி குடிக்க நிக்கும் போதும்தான்.

எங்க மாட்டறோங்கறதும் முக்கியம். தம்பி சீட்டுக்குக் கீழ மாட்டியிருந்தான். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. "பையை மாட்டுடா"ன்னேன். மாட்டினான். "துணியெல்லாம் வெச்சு ரொப்பு"ன்னேன். ரொப்பினான். தெரு முனையில சைக்கிளை நிறுத்தி, அவனை அம்பதடி பின்னால நடந்து போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"தெரியுதா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், "இல்ல மாமா"ன்னான்.

பை உப்பி விளக்கை மூடிடுச்சு. நைனாவோட ஈரச் சாக்கு மாதிரியே. இப்ப கேரியர் கடைசியில ஒரு தகடு வெச்சு அதுல மாட்டிட்டோம். இன்னொரு சின்ன விளக்கு பை மேலயே. பெடல்ல ரிஃப்ளெக்டர் ஒட்டினோம். கால் மேலயும் கீழயும் போய் வர்றப்போ, அது சைக்கிள்தான்னு பின்னாடி வர்றவனுக்கு உடனே புரிஞ்சிடும்.

அவனும் ஒரு விஷயத்துல என் பேச்சைக் கேக்கல. முன் விளக்கு ஆயிரம் லுமென் வாங்கிட்டான். எதிர்ல வர்ற சைக்கிள்காரனுக்குக் கண்ணு கூசும்டான்னு எவ்வளவோ சொன்னேன். கடைசியில மூக்கைக் கீழ இறக்கி, பத்தடி தூரத்துல தரையில விழற மாதிரி கட்டி வெச்சேன். அவன் ராத்திரியில மறுபடி தூக்கி விட்டிருப்பான்னு எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நாங்க தெருவுல செஞ்சுக்கிட்டு இருந்தப்போ நைனா திண்ணையில உக்காந்திருந்தாரு. எண்பது தாண்டிடுச்சு. காது சரியா கேக்காது. தம்பி போய் அவருகிட்ட லுமென், எம்.ஏ.எச்.னு எல்லாத்தையும் சத்தமா விளக்கினான். ஆட்டிக்கிட்டே கேட்டுட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"நின்னா எரியுமா?"

"எரியும் தாத்தா."

"அப்ப போயிட்டு வா."

திண்ணையைப் பிடிச்சு எழுந்து, அந்தக் குட்டைக் காலை இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு.

கார் வெச்சிருக்கிறவங்களுக்கு நான் சொன்ன வேண்டுகோள். கிருத்திகைக்கு முந்தின ராத்திரி திருவள்ளூர், திருத்தணி ரோட்டுல நீங்க வந்தீங்கன்னா, நடந்து போறவங்களும் சைக்கிள்ல போறவங்களும் நிறைய பேர் இருப்பாங்க. எதிர்ல சைக்கிள் விளக்கு தெரிஞ்சா, அது எவ்வளவு மங்கலா இருந்தாலும், ஹை பீமை இறக்குங்க. உங்க வெளிச்சம் எங்களைத் தாண்டிப் போன அப்புறம் நாலஞ்சு வினாடி எங்களுக்கு ரோடே தெரியாது. டைனமோவோ பேட்டரியோ, அந்த நாலஞ்சு வினாடிக்கு எதுவும் உதவாது.

போயிட்டு வந்து எழுதறேன். பூச்சிக் கதை பாக்கி இருக்கு, மறக்கல.